கார்த்திகையில் டர்பனிலும் காந்தள் பூக்கிறது

ஐப்பசியும் கார்த்திகையும் தமிழ்நாட்டில் அடைமழை மாதங்கள். வேலியோரப் புதர்களில் செங்காந்தள் பூத்துத் தொங்கும் காலம். அதே நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோடை தொடங்குகிறது. இந்த ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டுத் தோட்டத்துக் கம்பி வேலியிலும் அதே காந்தள், அதே சிவப்பில் பூக்கிறது. இங்கே எல்லோரும் ஃபிளேம் லில்லி என்பார்கள்.

பூமத்திய ரேகைக்கு இரு பக்கமும் பருவங்கள் நேர் எதிரானவை. நவம்பர் நடுவில் சென்னையில் பகல் சுமார் 11.5 மணி நேரம்தான். அதுவும் நாளுக்கு நாள் குறைந்துவரும். டர்பனிலோ 13.5 மணி நேரத்தைத் தாண்டி இன்னும் நீண்டுகொண்டிருக்கும். சாமந்தி போன்ற செடிகள் இரவின் நீளத்தை அளந்து மொட்டு வைப்பவை. அப்படிப்பட்ட ஒரு செடி இந்த இரண்டு ஊர்களிலும் ஒரே மாதத்தில் பூக்க வழியில்லை. காந்தளால் மட்டும் எப்படி முடிகிறது?

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று, கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கறிவேப்பிலையைப் போலக் காந்தளும் கடல் கடந்து நம்மவர்களோடு வந்த செடி என்று நினைக்கத் தோன்றும். அது சரியல்ல. ஆப்பிரிக்காவும் ஆசியாவும் இரண்டுமே காந்தளின் தாய்மண். தமிழ்நாட்டின் மாநில மலரான இதுவே ஜிம்பாப்வேயின் தேசிய மலரும். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் கடற்கரை மணல்மேடுகளிலும் புதர்க்காடுகளிலும் இது தானாக வளர்கிறது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர்களில் யாராவது ஒரு புதரோரம் இதைக் கண்டு திகைத்து நின்றிருக்கக்கூடும் என்று நான் அடிக்கடி எண்ணிப்பார்ப்பதுண்டு.

கேள்விக்கான விடை மண்ணுக்கடியில் இருக்கிறது. காந்தளின் கிழங்கு இரண்டு கைகள் கொண்டது, கலப்பையைப் போல வளைந்தது. கலப்பைக்கிழங்கு என்ற பெயரே அதனால் வந்ததுதான். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளைக்கண் இருக்கும். நடும்போது அந்த நுனி ஒடிந்துவிட்டால் அந்தக் கையிலிருந்து கொடி வராது. வறட்சி வந்ததும் மேலேயுள்ள கொடி முழுவதும் காய்ந்துவிட, கிழங்கு மட்டும் உறங்கும். தமிழ்நாட்டில் அந்த வறட்சி சுட்டெரிக்கும் கோடை. டர்பனில் அது மழை குறைந்த குளிர்காலம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. உறக்கம் முடிந்து, மண்ணில் ஈரமும் கதகதப்பும் சேர்ந்ததும் முளை கிளம்புகிறது. கொடி ஏறி, இலை விட்டு, கிழங்கில் போதிய சேமிப்பும் இருந்தால் பூ வருகிறது. சிறு கிழங்கு அந்த ஆண்டு இலையோடு நின்றுவிடும்.

ஆக, காந்தள் பகலை அளப்பதில்லை. உறங்கி எழுந்த நாளிலிருந்துதான் அதன் கணக்கு தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழையும் நட்டாலின் கோடை மழையும் நாட்காட்டியில் ஒட்டி வருவதால் பூக்கும் மாதமும் ஒத்துப்போகிறது. நெதர்லாந்தின் பசுமைக்குடில்களில் காந்தளைப் பூவியாபாரத்துக்கு வளர்க்கிறார்கள். கிழங்குகளைக் குளிரில் உறங்கவைத்து, வேண்டிய வாரத்தில் எடுத்து நடுகிறார்கள். ஆண்டு முழுவதும் பூ கிடைக்கிறது.

கொடி ஏறும் விதமும் தனி. பாகலுக்கும் புடலுக்கும் பற்றுக்கம்பி தண்டிலிருந்து வருகிறது. காந்தளில் இலையின் கூர்நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடுகிறது. ஒரு குச்சியைத் தொட்டதும், தொட்ட பக்கத்தைவிட எதிர்ப்பக்கத்தின் செல்கள் வேகமாக நீள்கின்றன. அதனால் நுனி குச்சியைச் சுற்றி வளைகிறது. தடித்த கம்பத்தை அதனால் சுற்ற முடியாது. மெல்லிய மூங்கில் குச்சியோ கம்பி வலையோ கொடுத்தால் போதும்.

இனி பூ. மொட்டைக் காலையில் பாருங்கள். பச்சையாக, காம்பு வளைந்து, தலைகீழாகத் தொங்கும். அதன் ஆறு இதழ்களும் முதலில் கீழ்நோக்கிப் பிரியும். பிறகு ஒவ்வொன்றும் பின்னோக்கி மடங்கி வானத்தைப் பார்த்து நிமிரும். விளிம்புகள் அலை அலையாக நெளியும். பச்சை வெளிறி மஞ்சள் தெரியும், மேல்பகுதியில் சிவப்பு ஏறும், அடிப்பகுதியில் மஞ்சள் தங்கும். ஓரிரு நாளில் சிவப்பு கீழேயும் இறங்கிவிடும். பச்சையம் சிதைவதும் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி சேர்வதும் அடுத்தடுத்து நடப்பதால்தான் ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறோம்.

இதழ் ஏன் நெளிகிறது? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எல். மகாதேவனும் ஹையி லியாங்கும் லில்லி மலர்கள் விரிவதை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இதழின் நடு நரம்பு பூவை விரிக்கிறது என்ற பழைய எண்ணத்துக்கு மாறாக, விளிம்பு நடுப்பகுதியைவிட அதிகமாக வளர்வதே மொட்டைத் திறக்கும் விசை என்று அவர்கள் காட்டினார்கள். மெல்லிய தகட்டின் ஓரம் மட்டும் கூடுதலாக வளர்ந்தால், தட்டையாக இருக்க அதற்கு இடம் போதாது; நெளிந்துதான் ஆகவேண்டும். காந்தளின் விளிம்பைப் பார்க்கும்போது அந்தக் கணக்கைக் கண்ணால் பார்ப்பதுபோல் இருக்கிறது.

எனக்கு இந்தப் பூவில் மிகவும் பிடித்தது அதன் சூல்தண்டு. பெரும்பாலான பூக்களில் அது நடுவில் நேராக நிற்கும். காந்தளில் அது சூற்பையிலிருந்து புறப்பட்டதுமே ஏறத்தாழச் செங்கோணத்தில் திரும்பிப் பக்கவாட்டில் நீண்டுவிடுகிறது. ஆறு மகரந்தத்தாள்களும் சக்கரத்தின் ஆரங்களைப் போல வெளிப்புறம் விரிந்திருக்கும். தேன் இருப்பதோ இதழ்களின் அடியில், நடுவிலே. தேனுக்கும் மகரந்தத்துக்கும் இடையே இவ்வளவு தூரம் எதற்கு? ஒரு தேனீ நேரே நடுவுக்குப் போய்த் தேனைக் குடித்தால் மகரந்தத்தைத் தொடாமலேயே திரும்பிவிடுமே!

தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. இந்தப் பூவின் அளவுக்குப் பொருத்தமான விருந்தாளி தேனீ அல்ல, அகன்ற இறகுகள் கொண்ட வண்ணத்துப்பூச்சி. அது தேன் குடிக்கும்போது படபடக்கும் இறகுகள் இரு பக்கத்து மகரந்தப்பைகளிலும் உரசுகின்றன. மகரந்தம் ஒட்டிக்கொள்வது அந்த இறகுகளில்தான். அடுத்த பூவில், சூல்தண்டு நீண்டிருக்கும் பக்கமாக அது வரும்போது அந்தத் தண்டின் நுனியான சூல்முடி இறகைத் தொட்டு மகரந்தத்தை வாங்கிக்கொள்கிறது. பூ தலைகீழாகத் தொங்குவதும் அயல் மகரந்தச் சேர்க்கைக்குத் துணைசெய்கிறது என்று அந்த ஆய்வு சொல்கிறது. வழக்கமாக மகரந்தம் பூச்சியின் உடலிலோ நாவிலோ ஏறும். இறகில் ஏறிப் பயணம் போவது அரிது.

வண்ணத்துப்பூச்சி வராத தோட்டத்தில் பூ நிறையவும் காய் குறைவாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம் பக்கம் இதைக் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடும் விவசாயிகள் காலை வேளையில் பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். வீட்டிலும் செய்யலாம். ஒரு கொடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து, வேறொரு கொடியின் சூல்முடியில் தடவினால் போதும்.

அவர்கள் அவ்வளவு பாடுபடுவது விதைக்காக. விதையில் கோல்ச்சிசின் என்ற ஆல்கலாய்டு, அதாவது செடி உண்டாக்கும் ஒரு வேதிப்பொருள், நிறைந்திருக்கிறது. செல் பிரியும்போது நிறப்புரிகளை (குரோமோசோம்களை) இரு பக்கமும் இழுக்கும் நுண்ணிழைகளை அது உருவாகவிடாமல் தடுக்கிறது. கவுட் என்னும் மூட்டு வாத நோய்க்கு இது ஒரு மருந்து. 1937 முதல் செடிகளின் நிறப்புரிகளை இரட்டிப்பாக்கப் பயிரியலாளர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அளவு மீறினால் இதே பொருள் ஆளைக் கொல்லும். வேகமாகப் பிரியும் குடல் செல்களும் எலும்பு மஜ்ஜையும் முதலில் பாதிக்கப்படும். செடியின் எல்லாப் பாகங்களிலும் நஞ்சு உண்டு. கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று எண்ணிச் சமைத்து உயிரிழந்தவர்கள் உண்டு. தைப்பூசக் காவடிக்குப் பூப்பறிக்கும் வீடுகளில் இதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும். கிழங்கைத் தொடும்போது கையுறை அவசியம். நாயோ ஆடோ வளர்க்கும் வீடானால் எட்டாத இடத்தில் வேலி கட்டி ஏற்றிவிடுங்கள்.

கோடை முடிந்து இலைகள் மஞ்சளாகும்போது பழைய கிழங்கு சுருங்கி, அதனிடத்தில் புதுக்கிழங்கு திரண்டிருக்கும். அப்போது தண்ணீரை நிறுத்திவிடுங்கள். ஈரத்தில் உறங்கும் கிழங்கு அழுகிவிடும். டர்பனின் செம்மணல் நீரைத் தேக்காது, அதனால் இங்கே தோண்டி எடுத்துவைக்க வேண்டியதில்லை. களிமண் தோட்டமாக இருந்தால் மட்டும், முளை நுனி ஒடியாமல் எடுத்து உலர்ந்த மணலில் செப்டம்பர் வரை வைத்திருங்கள்.