ரெஸ்யூமில் டைட்டானிக் போதும், நிறுத்துங்கள்

சாஃப்ட்வேர் வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்காருவது என் வேலையில் பாதி. டேட்டா சயின்ஸுக்கு விண்ணப்பிப்பவர்களின் ரெஸ்யூமில் 'ப்ராஜெக்ட்' என்ற இடத்துக்கு வந்தால், டைட்டானிக் பயணிகளில் யார் பிழைத்திருப்பார்கள் என்று கணிக்கும் புரோகிராம் நிற்கும். டேட்டா சயின்ஸ் பழகுபவர்களுக்கான காகிள் இணையதளம் பயிற்சிக்காக வைத்திருக்கும் அதே 891 பயணிகள். வெப் டெவலப்பர்களிடம் கப்பல் இருக்காது, நெட்ஃப்ளிக்ஸ் முகப்பின் நகல் இருக்கும். போன வாரம் ஒரு பையனிடம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "தம்பி, இதுல நீங்களா முடிவு பண்ணினது எது?" அவர் கோர்ஸ் சர்டிஃபிகேட்டைத் திரையில் காட்டினார்.

கோர்ஸ் படிப்பதில் தப்பே இல்லை. ஆனால் கோர்ஸில் செய்ததைச் சொந்த ப்ராஜெக்ட் என்று எழுதாதீர்கள். எந்தக் கேள்விக்கு விடை தேடுவது என்பதை அங்கே வேறு ஒருவர் முடிவு செய்துவிட்டார். தரவை வேறு ஒருவர் திரட்டிவிட்டார். எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும், அதற்கான விடையை அடுத்த வீடியோவில் வைத்திருக்கிறார். எப்போது முடிந்தது என்பதைக்கூட அவர்தான் சொல்கிறார். விஜயதசமியன்று பள்ளியில் கைபிடித்து நெல்லில் எழுதவைத்த 'அ' மாதிரிதான் இது. எழுத்து அழகாகத்தான் இருக்கும், எழுதிய கை வேறு. பத்து சர்டிஃபிகேட் இருந்தால் பத்து முறை கைபிடித்து எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவே.

"ஆறு வருஷ அனுபவம் இருக்கே சார், அது போதாதா?" என்பார்கள். போதும், அதைக் காட்ட முடிந்தால். மற்ற நிறுவனங்களுக்கு எழுதித் தரும் சர்வீஸ் கம்பெனியில் எழுதிய புரோகிராம் கிளையண்டுக்குச் சொந்தம். கிளையண்ட் பெயரையே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். பேச ஆரம்பித்தால் எல்லா வாக்கியமும் "நாங்க பண்ணினோம்" என்று முடியும். அந்த 'நாங்க'வில் நீங்கள் எவ்வளவு என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? சொந்த நேரத்தில் நீங்களே செய்த ஒன்று இருந்தால் பேச்சு தானாக 'நான்' என்று மாறும். எனக்கு வேண்டியது அதுதான்.

டெவலப்பராக மாற நினைத்து வந்த ஒரு டெஸ்டர் பெண்ணைச் சொல்கிறேன். அலுவலக அனுபவம் முழுக்க டெஸ்டிங். ஆனால் சிக்குக் கோலம் போடும் ஆப் ஒன்று செய்திருந்தார். புள்ளிக் கணக்கைக் கொடுத்தால் இழை எப்படிச் சுற்றிவரும் என்று வரைந்து காட்டும். நேர்ப்புள்ளியில் 4-க்கு 4 வைத்துச் சுற்றினால் நாலு தனி இழைகளாகப் பிரிகிறது, 5-க்கு 4 வைத்தால் ஒரே இழையாக முடிகிறது. ஏன் என்று தேடிப்போய், இழைகளின் எண்ணிக்கை அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்திதான் என்று தெரிந்துகொண்டிருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த மீ.பொ.வ.! தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, இவர்களுடன் கமலா கிருத்திவாசன் கோலத்தை, வடிவங்களை விதிகளாக எழுதும் கணினி இலக்கணமாக ஆராய்ந்து 1974-லேயே கட்டுரை வெளியிட்டிருப்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. (எங்கள் குழுவில் இரண்டு பேருக்குத் தெரியாது.)

என்னைக் கவர்ந்தது கணக்கல்ல. மார்கழியில் தெருப் பெண்கள் ஆப்பை வாசலில் வைத்துக் கோலம் போட்டிருக்கிறார்கள். பாதியில் திரை அணைந்துவிடுகிறது, கையெல்லாம் கோலமாவு, போனைத் தொடமுடியாது. திட்டு விழுந்திருக்கிறது. கோலம் முடியும்வரை திரை அணையாதபடி மாற்றினார். அது பேட்டரியைத் தின்கிறது என்று அடுத்த புகார். அதற்கு என்ன செய்தார், எதை விட்டுக்கொடுத்தார் என்று பேசியதிலேயே நேர்காணல் நேரம் போய்விட்டது. வேலை கிடைத்தது. டெஸ்டிங் அனுபவத்தை மட்டும் வைத்து அந்த மாற்றம் நடந்திருக்காது.

இன்று ஏஐ கேட்டதை எழுதித் தருகிறது, அதனால் புரோகிராம் இருக்கிறதா என்று பார்ப்பதில் அர்த்தம் குறைந்துவிட்டது. ஏன் இப்படி வைத்தீர்கள் என்றுதான் கேட்போம். திட்டு வாங்கியவருக்குப் பதில் தெரியும்.

அடுத்து பயம். "மூன்லைட்டிங்னு, அதாவது வேலையில இருந்துக்கிட்டே வெளிவேலை பார்க்கிறோம்னு, தூக்கிடுவாங்களே?" 2022-ல் விப்ரோ சுமார் 300 பேரை வெளியேற்றியது போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்ததற்காக. கோலம் வரைந்ததற்காக அல்ல. ஆனாலும் ஆஃபர் லெட்டரை ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள், தயவுசெய்து. வேலைக் காலத்தில் உருவாக்குவது எல்லாம் நிறுவனத்துக்கே என்று சிலவற்றில் எழுதியிருக்கும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு முதல் உரிமையாளர் முதலாளியே என்கிறது. ஆகவே ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். ஆபீஸ் மெயிலில் கணக்குத் தொடங்காதீர்கள். கிளையண்டின் தரவை 'சாம்பிளுக்கு' என்று எடுத்து வராதீர்கள். அதற்குச் சீட்டுக் கிழியும், நியாயமாகவே கிழியும். நிறுவனம் செய்யும் தொழிலிலேயே ஏதாவது செய்வதாக இருந்தால் மேனேஜரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

எதைச் செய்வது என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டுச் செய்தால் அதுவும் கோர்ஸ்தான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது ஒருவர் உண்மையில் பயன்படுத்தினால் போதும், ஆயிரம் டவுன்லோடு வேண்டாம். சின்னதாக முடியுங்கள். பாதியில் நிற்கும் நாலைவிட முடிந்த ஒன்று மேல்.

ரெஸ்யூமில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன செய்தீர்கள், யார் பயன்படுத்துகிறார்கள், எது சரிவரவில்லை. லிங்க் கொடுக்கும்முன் இன்னொருவர் போனில் திறந்து பாருங்கள். நான் தட்டும்போது 'அனுமதி இல்லை' என்று வந்தால், நீங்கள் செய்தது எனக்குத் தெரியாமலே போய்விடும்.