கை சில்லிடுகிறது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்

மறுபடியும் ஒருவர். பிபிக்கு மெட்டோப்ரோலால் போட்டுக்கொண்டிருந்தவர். விரல்கள் சில்லென்று இருக்கின்றன, "இந்த மாத்திரை ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும்" என்று யாரோ சொல்ல, அன்றைக்கே நிறுத்திவிட்டார். சில நாட்களில் படபடப்பும் நெஞ்சுவலியுமாக அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். இதை எத்தனை முறைதான் பார்ப்பது?

அட்டெனலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் எல்லாம் பீட்டா பிளாக்கர்கள். அட்ரினலின் இதயத்தை விரட்டாதபடி தடுப்பவை. துடிப்பு நிதானப்படும், பிபி இறங்கும்.

சரி, கை ஏன் சில்லிடுகிறது? இதயம் தள்ளும் ரத்தம் சற்றுக் குறைவதால், முக்கிய உறுப்புகளுக்குக் குறை வராதபடி உடல் தோலின் சிறு குழாய்களைச் சுருக்குகிறது. ப்ரோப்ரனலால் போன்றவை குழாய்களை விரியவைக்கும் பீட்டா-2 ஏற்பிகளையும் (ஏற்பி என்றால் அட்ரினலின் வந்து ஒட்டி வேலை செய்யும் இடம்) தடுப்பதால் அதில் இன்னும் கூடுதலாகத் தெரியும். அவ்வளவுதான். குழாய் அடைக்கவில்லை. ரத்தம் உறையவில்லை, கெட்டியாகவும் இல்லை. தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், குழாயைத் தளர்த்தும் நெபிவோலால், கார்வெடிலால் போன்றவற்றுக்கு மாற்றலாம். ஆனால் விரல் வெளுத்தோ நீலமாகவோ மாறினால், கால் புண் ஆறாவிட்டால், நடந்தால் கெண்டைக்கால் வலித்தால் தாமதிக்காமல் வந்து காட்டுங்கள்.

திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து. மாத்திரை தடுத்துவைத்திருக்கும் காலத்தில் உடல் ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. தடை சட்டென்று விலகினால் அட்ரினலின் இரட்டிப்பு வேகத்தில் வேலை காட்டும்; இதயக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பு வரை போகலாம். வெறும் பிபிக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் நாங்கள் முதலில் எழுதுவது இந்த வகையை அல்ல. உங்கள் சீட்டில் இது இருந்தால், இதயம் சார்ந்த வேறு காரணமும் இருக்கக்கூடும். நிறுத்தியே ஆகவேண்டும் என்றால், மருத்துவர் சொல்கிறபடி ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகத்தான்.

ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். பிபி, நெஞ்சுவலிக்குத் தரும் வெராபமில், டில்டியாசெம் சாப்பிடுகிறீர்களா? அதையும் மறைக்காதீர்கள், அவை பீட்டா பிளாக்கரோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களே, சுகர் இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சுகர் பாருங்கள். நாடி 50க்குக் கீழே போய்த் தலைசுற்றினால் அன்றே அழையுங்கள்.

அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். அப்புறம், தயவுசெய்து அட்டை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.