தொடையிடுக்குக் குடலிறக்கமும் மீயொலி ஆய்வும்: சொல் விளக்கம்

'இங்குவைனல் ஹெர்னியா' என்ற மருத்துவப் பெயரின் இரு பகுதிகளும் இலத்தீன் மூலத்தன. 'இங்குவென்' என்பது அடிவயிறும் தொடையும் கூடும் இடுக்கையும், 'ஹெர்னியா' என்பது கிழிவையும் குறிக்கும். தமிழில் இதனைத் 'தொடையிடுக்குக் குடலிறக்கம்' எனலாம். 'கவட்டைக் குடலிறக்கம்' என்பதும் பொருந்தும்.

குழந்தைகளிடம் இந்நோய் பெரும்பாலும் எதுவும் கிழிவதால் வருவதன்று. கருவிலுள்ள ஆண் குழந்தையின் விரை வயிற்றிலிருந்து கீழே இறங்கும்போது, வயிற்றின் உள்ளுறை ஒரு சிறு பையாக நீண்டு அதனுடன் வருகிறது. பிறப்பையொட்டி மூடிக்கொள்ள வேண்டிய அப்பாதை திறந்தே இருந்துவிட்டால், அதன் வழியே குடல் நழுவி இறங்கும். வலப்பக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளிடமும் இது மிகுதி. பெண் குழந்தைகளுக்குக் குடலுக்குப் பதிலாகச் சூலகமே இறங்கக்கூடும் என்பதால், 'பிதுக்கம்' என்ற பொதுச்சொல்லே துல்லியமானது என்பது என் கருத்து. எனினும் மக்கள் நாவில் நிலைத்துவிட்ட 'குடலிறக்கம்' என்பதை வைத்துக்கொண்டு அதன் பொருளை விரித்துரைப்பதே பயன் தரும்.

'அல்ட்ராசவுண்ட்' என்பதில் 'அல்ட்ரா' அப்பால் எனப் பொருள்படும். நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட, செவிக்கு எட்டாத ஒலி இது. மேல் என்னும் பொருளுடைய 'மீ' முன்னின்று 'மீயொலி' ஆயிற்று. பேச்சில் வழங்கும் 'ஸ்கேன்' சி.டி. ஆய்வையும் குறிப்பதால், பெற்றோர் கதிர்வீச்சை எண்ணி அஞ்ச நேர்கிறது. மீயொலியில் எக்ஸ் கதிர் இல்லை.

பெரும்பாலும் பெற்றோர் கூறும் விவரமும் மருத்துவரின் கைத்தொடு சோதனையுமே நோயை உறுதிசெய்யப் போதுமானவை. சோதிக்கும் வேளையில் வீக்கம் மறைந்திருந்தாலோ, அது விதைப்பையில் நீர் சேர்ந்த ஓதமா, நெறிகட்டியா, இறங்காத விரையா என்ற ஐயம் எழுந்தாலோ மீயொலி உதவும். திரையில் நீர் கருமையாகத் தெரியும். குடலோ பெரும்பாலும் நெளிந்து அசையும். குழந்தை அழுகையில் வயிற்றழுத்தம் கூடிப் பிதுக்கம் வெளிப்படுவதால், பிற ஆய்வுகளுக்குத் தடையாகும் அழுகை இங்கே துணையாகிறது. குடல் இறங்கும் பாதையின் வயிற்றுப்பக்க வாயிலான உள்வளையம் ஏறத்தாழ 4 மி.மீ.க்கு மேல் அகன்றிருப்பது பாதை மூடாததற்கான குறிப்பாகக் கொள்ளப்படுகிறது. மீயொலியின் ஒரு வகையான டாப்ளர் முறையால் விரைக்கும் சூலகத்துக்கும் இரத்தம் செல்வதைக் காணலாம்.

ஆய்வின்போது பிதுக்கம் தென்படாததால் மட்டும் நோய் இல்லையென்று முடிவுசெய்ய இயலாது. வீக்கம் இறுகி, உள்ளே திரும்பாமல், குழந்தை வாந்தி எடுத்தால், மீயொலி ஆய்வுக்கெனக் காலம் தாழ்த்தாமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.