ஆயன்குளம் கிணற்றின் தாகம்

2021 கடைசியில், வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கிய நாட்களில், எங்கள் கல்லூரிக் கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளை பக்கம் ஆயன்குளத்தில் ஒரு கிணறு. வெள்ளத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து அருவி மாதிரி உள்ளே கொட்டுகிறது. "ஏல, நாள்கணக்கா கொட்டுதாம்ல, இன்னும் ரொம்பலையாம்!" என்றான் ஒருவன். உவரிக் கடல் வரைக்கும் சுரங்கம் போகிறது என்றான் இன்னொருவன். பாண்டியர் காலத்துச் சுரங்கம் என்று அடுத்தவன் வரலாறும் சேர்த்துவிட்டான்.

பொய் வீடியோ என்று ஒதுக்கத்தான் பார்த்தேன். ஆனால் செய்தி உண்மை. சரி, கணக்காவது போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அந்தக் கிணற்றின் அளவு என் கையில் இல்லை. நம் ஊர்ப் பக்கத்துப் பெரிய வெட்டுக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30 அடி நீளம், 30 அடி அகலம், 50 அடி ஆழம். மொத்தம் 45,000 கன அடி. வாய்க்காலில் விநாடிக்கு 10 கன அடி வருகிறது என்றால், 12,000 லிட்டர் டேங்கர் லாரியை முக்கால் நிமிடத்துக்குள் நிரப்பும் வேகம் அது. கிணறு நிரம்ப 4,500 விநாடி, அதாவது ஒண்ணேகால் மணி நேரம். சினிமாவில் இடைவேளை விடுவதற்குள் பொங்கி வழிந்திருக்கும். நாள்கணக்கில் கொட்டியும் வழியவில்லை என்றால் கிணறு தண்ணீரைப் பிடித்து வைக்கவே இல்லை. வருகிற வேகத்திலேயே அடியில் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அது கிணறு இல்லை, வாசல்.

வாசல் என்றால் அதற்கு அப்பால் என்ன இருக்கிறது? சென்னை ஐஐடி குழு வந்து ஆராய்ந்தது. விடை சுண்ணாம்புப் பாறை. அதற்குள் இயற்கையாக அரித்துப்போன குகைவழிகள்.

பாறையைத் தண்ணீர் எப்படித் தின்னும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் ஒரு மிளகளவு எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்து, ராத்திரி முழுக்கத் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் இன்னொரு தம்ளரில் இறுத்து, ஸ்ட்ரா வைத்து ஊதுங்கள். உறிஞ்சிவிடாதீர்கள், வாய் வெந்துபோகும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். நம் மூச்சில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிவிட்டது. சுண்ணாம்புக்கல் என்பதும் அதுதான். பள்ளிக்கூடத்தில் இதோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் ஊதுங்கள். தாடை வலிக்கும், பரவாயில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் பால் மெல்ல மெல்லத் தெளிய ஆரம்பிக்கும். கூடுதலாக வந்த கார்பன் டை ஆக்சைடு தண்ணீரை லேசான அமிலமாக்கி, உண்டான கல்லையே திரும்பக் கரைக்கிறது. கரைந்தது கால்சியம் பைகார்பனேட். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் மறுபடி வெளுக்கும். ஆச்சி தேங்காய் நார் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் திட்டுவாளே, வெந்நீர்ப் பானையின் அடியில் காரை மாதிரிப் படிகிற வெள்ளை, அதேதான்.

இந்தத் தம்ளர் வேலையை மழை பல்லாயிரம் வருஷமாகச் செய்கிறது. விழும்போதே காற்றிலிருந்து கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொள்ளும். மண்ணுக்குள் இறங்கினால் இன்னும் அதிகம். வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடும் இடம் அது. அந்தப் புளித்த தண்ணீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்பில் நுழைகிறது. மயிரிழை விரிசல் விரல் நுழையும் சந்தாகிறது. சந்து பெருத்த பிறகு அதில்தான் தண்ணீர் அதிகம் ஓடும். அதிகம் ஓடுகிற இடத்தில்தான் அரிப்பும் அதிகம். பெரியது மேலும் பெரிதாகிக்கொண்டே போகும். கடைசியில் பாறைக்குள் ஒரு வாய்க்கால் வலையே உண்டாகிவிடும். ஸ்லோவேனியா, இத்தாலி எல்லையில் இப்படி ஒரு பீடபூமி உண்டு. அதன் பெயரையே வைத்து இந்த நில அமைப்பை கார்ஸ்ட் என்கிறார்கள். மேகாலயாவின் நீளமான குகைகளும் ஆந்திராவின் போரா குகையும் இதே கைவேலை. நம் பக்கம் ஆள் நுழைந்து பார்க்கிற மாதிரி வாய் திறக்காததால் யாரும் கவனிக்கவில்லை.

கிணற்றுக்கு ஊற்றுக்கண் உண்டு என்று நமக்குத் தெரியும். அது ஒருவழிப் பாதை இல்லை. சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டம் கிணற்றைவிட உயரமாக இருந்தால் கண் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். கிணற்றில் நீர் உயர்ந்து வெளியே மட்டம் தாழ்ந்திருந்தால் அதே கண் வழியாக வெளியே போகும். ஆயன்குளத்தில் நடந்தது இந்த இரண்டாவது. அங்கே கண்ணுக்குப் பின்னால் குகைவழி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சுரங்கக் கதையைச் சொன்னவன் இதைக் கேட்டு, "அப்ப அம்புட்டுத் தண்ணியும் வீணால?" என்றான். வீண் இல்லை. கடலோரத்தில் நிலத்தடி நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை உப்பைத் தள்ளிவைக்கும். அந்த ஒரு மீட்டரை மோட்டார் போட்டு உறிஞ்சிவிட்டால் உப்பு அதே கணக்கில் மேலே ஏறும். தேரி என்கிற செம்மணலும் பனையுமாகக் கிடக்கிற அந்தச் சீமையில் வெள்ளம் உள்ளே இறங்குவது பெரிய வரவு. ஒரே ஒரு பயம். மணல் தண்ணீரை வடிகட்டும், குகை வடிகட்டாது. மேலே சாக்கடையை விட்டால் அதுவும் அதே வேகத்தில் பக்கத்து ஊர்க் கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

பாளையங்கோட்டைக்காரன் ஒருவன் மட்டும் விடவில்லை. "எங்க வீட்டுக் கிணத்துல மழைத்தண்ணிய விட்டா இப்படிக் குடிக்குமா?"

"மோட்டார் போட்டா எம்புட்டு நேரத்துல வத்துது?"

"ஒரு மணி நேரம்."

"திரும்ப ஊற?"

"ராத்திரி பூரா ஆகும்."

"அப்ப அந்த வேகத்துலதாம்ல குடிக்கும்."