கார் பெட்ரோல் ரெகுலேட்டரை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டுமா?

டெல்டாவில் பழைய பெட்ரோல் கார்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. ஸ்பேர் கடையில் ஃபியூவல் பிரஷர் ரெகுலேட்டர் கேட்டால் இரண்டு வகை எடுத்துப் போடுவார்கள். ஒன்று, காரில் ஏற்கனவே இருந்த அதே பிரஷருக்கு வேறு கம்பெனி செய்தது. இன்னொன்று, மேலே திருகு வைத்து பிரஷரை ஏற்றி இறக்கும் வகை. முதல் வகையைத் தாராளமாகப் போடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இரண்டாவதை வாங்கும் முன் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இன்ஜெக்டர்களுக்குப் போகும் பெட்ரோலை ஒரே அழுத்தத்தில் வைத்திருப்பதுதான் ரெகுலேட்டரின் வேலை. கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்கள் வைத்த பழைய எம்.பி.எஃப்.ஐ. கார்களில் பெரும்பாலும் இன்ஜின் மேலேயே, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துக் கொடுக்கும் குழாயான ஃபியூவல் ரெயிலின் முனையில் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய வேக்கம் ஹோஸ் போகும். அந்த ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். புதிய கார்களில் இது டேங்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கும். அதில் கை வைப்பது பெரிய வேலை.

உங்கள் காரின் பிரஷர் அளவு 3 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்வோம். திருகி 4 பாருக்கு ஏற்றினால் இன்ஜெக்டர் திறக்கும் அதே நேரத்தில் சுமார் 15 சதவீதம் பெட்ரோல் கூடுதலாக இறங்கும். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் சொல்வதைக் கேட்டு, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு. கொஞ்ச தூரம் குறைத்துப் பார்க்கும். அதன் கைக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் செக் இன்ஜின் விளக்கு எரியும், மைலேஜ் விழும், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம்செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். ‘பிக்கப் ஏறும்’ என்று சொல்லி மாட்டுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. ஆர்.சி.யில் எரிபொருள், சி.சி., இன்ஜின் நம்பர், நிறம் எல்லாம் இருக்கும். ரெகுலேட்டர் பற்றி ஒரு வரியும் இருக்காது. அதனால் எதை வேண்டுமானாலும் மாட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, பாகங்களைப் புதிதாகப் பொருத்துவதையும் மாற்றம் என்றே சேர்த்துச் சொல்கிறது. அனுமதிக்கப்படாத முறையில் செய்தால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டியது மெக்கானிக்காக இருக்கலாம், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அப்புறம் புகை. பி.எஸ். (பாரத் ஸ்டேஜ் என்ற புகைத் தரம்) 4 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில், அதாவது நின்றபடி இன்ஜின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.முக்குள் இருக்க வேண்டும். பி.எஸ். 2, 3 கார்களுக்கு 0.5 சதவீதம், 750 பி.பி.எம். பிரஷரை ஏற்றிய கார் இந்த அளவில் நிற்பது கஷ்டம். புகை விதியை மீறி ஓட்டினால் பிரிவு 190(2)-இல் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்சுக்கும் தற்காலிகத் தடை என்று போகும். டெஸ்ட் அன்று திருகை இறக்கிவிட்டு அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் தெருக் குழந்தைகள்தான்.

சி.என்.ஜி. கிட் போடுவது முற்றிலும் வேறு கதை. ஆர்.சி.யில் எரிபொருளே மாறுகிறது, ஆகவே ஆர்.டி.ஓ. அனுமதி கட்டாயம். உங்கள் கார் மாடலுக்கு ஒப்புதல் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும். பொருத்தியபின் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். அனுமதி வாங்காமல் மாற்றம் நடந்துவிட்டால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நீங்கள் வசிக்கும் எல்லையில் உள்ள ஆபீசிலேயே பதியலாம். அவர்கள் முதலில் பதிவுசெய்த ஆபீசுக்குத் தகவல் அனுப்புவார்கள். காரைக்காலில் பதிந்த பி.ஒய். 02 வண்டியோடு நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு இது உபயோகப்படும். கார் கடனில் இருந்தால் வேலையைத் தொடங்கும் முன் கடன் கொடுத்தவரிடம் எழுத்துச் சம்மதம் வாங்கிவிடுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியிலும் கிட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் அழுத்தத்தில் வைத்துச் செய்யும் சோதனை, உண்டு.

ரெகுலேட்டர் மட்டும் மாற்றுபவர்கள் பழையதன் மேல் பொறித்திருக்கும் பார் அளவைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பெட்ரோல் கசிந்து சூடான இன்ஜினில் விழுந்தால் தீப்பிடிக்கும். பார் அளவும் பாக நம்பரும் எழுதிய பில்லை வாங்கி வையுங்கள். கார் எரிந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தாலும், 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்கு நிறுத்தினாலும், போட்டது கம்பெனி அளவுதான் என்று காட்ட அந்தப் பில் வேண்டும்.