நாட்டு நெல்லுக்கு யூரியா எதற்கு?

இந்தச் சம்பாப் பருவத்திலும் அதே கதைதான். திருவாரூர்ப் பக்கம் ஒரு விவசாயி, ஆசையாக மாப்பிள்ளைச் சம்பா நட்டவர், ஐப்பசி மழையில் பயிர் மொத்தமும் படுத்துவிட்டது என்று கூப்பிட்டார். இலையின் கரும்பச்சையைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. மேலுரமாக யூரியா எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டேன். “பொன்னிக்குப் போடுகிற அளவுதான் சார்” என்றார்.

டெல்டாவில் வேளாண் ஆலோசனை சொல்கிறவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் பதில் இது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும்: “நாட்டு ரகம் சாயும் சார், அதனால்தான் பெரியவர்களே விட்டுவிட்டார்கள்.”

இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. 1966-இல் ஐ.ஆர்.8 வந்தது. தைவானின் குட்டை நெல் ஒன்றை இந்தோனேசியாவின் நெட்டை நெல்லோடு சேர்த்து உருவாக்கிய ரகம் அது. தண்டை ஏன் குட்டையாக்கினார்கள்? ரசாயன உரம் போட்டால் உயரமான நெல் சாய்ந்தது. ஆகவே உரத்தைத் தாங்கும்படி நெல்லை மாற்றினார்கள். ஆள் உயரம் வளரும் காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் அந்த உரத்துக்காக உருவானவை அல்ல. யூரியாவில் இருக்கும் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் தண்டு இளகும், இலை கனக்கும், குலைநோயும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வரும். அப்புறம் ஒரு மழை போதும். பெரியவர்கள் அந்த நெல்லுக்கு ஆட்டுக்கிடை போட்டார்கள், தொழுவுரம் அடித்தார்கள். அந்த வயலில் அது நின்றது. குட்டை ரகத்தின் உரக் கணக்கை நெட்டை ரகத்தின் தலையில் கட்டிவிட்டு, ரகத்தின் மேல் பழி போடாதீர்கள்.

நடவுக்கு முன் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். யூரியா மூட்டையை அந்த வயலுக்கு எடுத்தே போகாதீர்கள். விதைக்கும் பட்டத்தையும், அதாவது பருவத்தையும், கவனியுங்கள். நீண்ட நாள் சம்பா ரகங்கள் பலவும் பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். அவற்றைத் தையில் விதைத்துவிட்டுக் கதிர் வரவில்லை என்று வந்து நிற்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் வழி இல்லை, வைக்கோல்தான் மிஞ்சும். குறுகிய காலத்தில் முடிய வேண்டுமென்றால் பூங்கார் இருக்கிறது.

விதைக்கென்று தனிப் பாத்தி ஒதுக்குங்கள். பூக்கும்போதும் முற்றும்போதும் இறங்கி நடந்து, உயரமும் நிறமும் மாறித் தெரியும் கலவன்களைப் பிடுங்கிப் போடுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட்டுத்தான் பல ஊர்களில் பெயர் மட்டும் பழையதாகவும் நெல் கலப்பாகவும் நிற்கிறது.

நகரத்தில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பும் கருப்புக் கவுனியின் கருமையும் தவிட்டில்தான் இருக்கின்றன. வெள்ளையாகத் தீட்டித் தரச் சொல்லிவிட்டுச் சத்தைத் தேடினால் எங்கே கிடைக்கும்? கவுனியை முதல் நாள் இரவே ஊற வையுங்கள். பொன்னி அரிசியைப் போல உடனே உலையில் போட்டு, வேகவே இல்லை என்று மூட்டையை மூலையில் தள்ளுகிற வீடுகளால் விளைவித்தவர் அடுத்த ஆண்டு அதை நடுவதில்லை. செட்டிநாட்டில் கவுனியை வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காய்த்துருவலும் சேர்த்து இனிப்பாகப் பரிமாறுகிறார்கள். மாப்பிள்ளைச் சம்பாவை அவலாக இடித்தால் மணக்கும். புட்டுக்கும் கஞ்சிக்கும் நன்றாக வரும். எல்லா அரிசியையும் மூன்று வேளைச் சோறாகவே வடிக்க வேண்டியதில்லை. தவிடு நீக்காத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். இன்னொன்று: இதைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சொல்லி விற்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். அரிசி எதுவானாலும் மாவுச்சத்துதான்.

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், நாட்டு நெல் விதைகளை மீட்ட நெல் ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, வந்தவர்களுக்கு இரண்டு கிலோ விதை கொடுத்தார். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் அப்படித்தான் மீண்டன. 2018-இல் அவர் மறைந்த பிறகும் விதைத் திருவிழாக்கள் நடக்கின்றன, கூட்டமும் வருகிறது. பையில் வாங்கிப் போய் அலமாரியில் வைத்து முளைப்புத்திறனைச் சாகடிப்பவர்களும் வருகிறார்கள். தயவுசெய்து, நடுவதற்கு நிலம் இருந்தால் மட்டும் விதை வாங்குங்கள். வாங்கினால் அந்தப் பட்டத்திலேயே நட்டு, விளைந்ததும் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுங்கள்.