பிள்ளை பெயர் ரேஷன் கார்டில் ஏறியாச்சா?

நீலகிரியில் சேரம்பாடி பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயன், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டையை அந்த அம்மா பிளாஸ்டிக் கவரில் போட்டு, துணிக்கடியில் பத்திரமாக வைத்திருந்தார். நான்கு வயது மகனுக்குக் காது கேட்கவில்லை. காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் ஆபரேஷன் இந்தத் திட்டத்திலேயே செய்வார்கள். ஆறு வயதைத் தாண்டக் கூடாது. ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தேன். அப்பா, அம்மா, பாட்டி. பையன் இல்லை.

"அட்டை குடும்பத்துக்குத்தானே சார்?" என்றார். ஆமாம், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்கே பொது. ஆனால் குடும்பத்தில் யார் யார் என்று சொல்வது ரேஷன் கார்டு. 2018-இல் மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் இதோடு சேர்ந்தபோது, 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து ஏழைக் குடும்பங்களை அரசே பட்டியலில் எடுத்தது. நல்ல காரியம்தான். அதற்குப் பின் பிறந்த பிள்ளை அந்தக் கணக்கில் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் லூசியானா மாநிலம் 2010-இல் உணவு உதவிப் பதிவேட்டைப் பார்த்தே காப்பீடில்லாத பிள்ளைகளைச் சேர்த்தது. இங்கே அங்கன்வாடி நோட்டில் பிள்ளை பெயர் இருந்தும் அலைவது நாம்தான்.

முதலில் பிறப்புச் சான்றிதழ். பிரசவம் எங்கேயோ, பதிவும் அங்கேதான். பந்தலூர் பக்கம் பலருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி சுல்தான் பத்தேரி. அங்கே பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் கேரளத்தில்தான் கிடைக்கும். பெயர் எழுதாமல் பதிந்திருந்தால், ஓராண்டுக்குள் இலவசமாகச் சேர்க்கலாம். பிறகு 15 ஆண்டு வரை கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

அந்தச் சான்றிதழோடு இ-சேவை மையத்துக்குப் போய் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும். கார்டில் பதிந்த செல்லுக்குத்தான் ஓ.டி.பி. வரும். அந்த சிம்மைத் தூக்கிப்போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தால், முதல் வேலை நம்பரை மாற்றுவது.

பிறகு ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று ஆகியவற்றோடு ஊட்டி கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சேரம்பாடியிலிருந்து போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். 1800 425 3993 இலவச எண்ணில் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

அந்தப் பையனின் சான்றிதழ் போன வாரம் கைக்கு வந்தது. பெயர்க் கட்டம் காலி. திங்கட்கிழமை மறுபடி பத்தேரிக்குப் போகிறார்கள்.